ஒரே ஒரு பயனர்

எங்கள் நிறுவனத்தின் விக்கியைச் சுத்தம் செய்யும் வேலை என்னிடம் வந்தபோது அதில் பதினேழு பிளகின்கள் இருந்தன. விக்கி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வேலை முறைகளை எல்லாரும் எழுதலாம், எல்லாரும் திருத்தலாம், யாரும் படிக்க வேண்டியதில்லை என்ற ஏற்பாட்டில் நடக்கும் உள்வலைத்தளம். அந்த மென்பொருளில் ஏதாவது இல்லை என்று யாருக்காவது தோன்றினால் அதற்காக ஒரு சிறு நிரலை எழுதி ஒட்டவைப்பார்கள். அதுதான் பிளகின். ஒட்டவைத்தவர் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கும் வேறு இடத்துக்குப் போய்விடுவார். ஒட்டியது மட்டும் அங்கேயே இருக்கும்.

நாங்கள் சரக்குக் கிடங்கு நடத்துகிறவர்கள். தலைமை அலுவலகம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், மூன்றாம் மாடியில். கிடங்குகள் மேருவிலும் பண்டமாரான் பக்கத்திலும் இருக்கின்றன. நான் கிள்ளானில் குடியிருக்கிறேன். மேரு கிடங்கு என் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரம். ஆனாலும் தினமும் காலையில் கொமுட்டர் ரயில் ஏறி எதிர்த்திசையில் ஒரு மணி நேரம் போய், மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, மேருவில் எப்படி வேலை நடக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டிருந்தேன். அதில் எனக்கு எந்த விசித்திரமும் தெரியவில்லை.

நான் ஒரு அட்டவணை போட்டேன். அட்டவணை போடாமல் நான் மளிகைக் கடைக்குக்கூடப் போவதில்லை. நான்கு பத்திகள்: பிளகின் என்ன செய்கிறது, அதே வேலையை விக்கி மென்பொருள் இப்போது தானாகவே செய்கிறதா, கடந்த ஆறு மாதத்தில் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், முடிவு. விக்கி மென்பொருள் வருடாவருடம் வளர்ந்துகொண்டே வந்திருந்தது. முன்பு பிளகின் வைத்துச் செய்ததில் பாதியை அதுவே செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆகவே பாதி வசதிகள் வீணாக இரட்டித்துக் கிடந்தன.

என்னென்ன கிடந்தன என்று சொன்னால் எங்கள் நிறுவனத்தைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தேடும் பெட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு தேடும் பெட்டி. இரண்டும் வேறு வேறு விடை தரும், இரண்டும் தவறு. கிள்ளானின் வானிலையைக் காட்டும் ஒரு சதுரம். அதன் இணைப்பு என்றைக்கு அறுந்ததோ, அன்றிலிருந்து அதில் இடைவிடாமல் மழை பெய்துகொண்டிருந்தது. தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் மூன்றுக்கும் திரையில் விளக்குகளை மிதக்கவிடும் ஒரு பிளகின். அதை எழுதியவர் பண்டிகை முடிந்தால் விளக்கை அணைக்க வேண்டும் என்பதை மறந்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் கட்டைவிரல் பொத்தான். தீயணைப்பு விதிமுறைப் பக்கத்துக்கு ஒரே ஒரு கட்டைவிரல், அதுவும் அந்தப் பக்கத்தை எழுதியவருடையது.

இவ்வளவையும் தாண்டி என்னைச் சிரிக்க வைத்தது ஒரு சின்னப் பெட்டி. கிடங்குகளில் தினசரிச் சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. குளிர் அறையின் கதவு மூடியிருக்கிறதா, வெப்பநிலை சரியா, ஃபோர்க்லிஃப்ட் சார்ஜில் இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாக டிக் போட வேண்டும். அந்தப் பட்டியல் பிளகினில் ஒவ்வொரு டிக்குக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி திறக்கும்: ‘யார் பார்த்தது?’

கணினியில் உள்நுழைந்திருக்கிற ஆள் யார் என்று கணினிக்குத் தெரியும். தெரிந்த பிறகும் உன் பெயர் என்ன என்று கேட்கிற மென்பொருளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவனிடம் மணியடித்து யார் வந்திருக்கிறது என்று கேட்பதைப் போல. விக்கியின் புதிய பதிப்பில் சரிபார்ப்புப் பட்டியல் தானாகவே இருந்தது. டிக் போட்டால் பெயரையும் நேரத்தையும் அதுவே பதிந்துகொள்ளும். இதைவிடத் தெளிவான இரட்டிப்பு கிடையாது.

பயன்பாட்டுக் கணக்கைப் பார்த்தேன். மற்ற கிடங்குகளில் யாரும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. மேருவில் மட்டும் ஒரே ஒரு பயனர். அங்கே மேற்பார்வையாளராக இருக்கிற அக்கா. அந்தப் பெட்டியில் என்ன எழுதுகிறார் என்றும் பார்த்தேன். ‘கே’, ‘ஆர் ஜே’, ‘என் பி 2’, ‘அபாங் மீசை’. தன் பெயரை எழுத வேண்டிய இடத்தில் ஒரு பெண் விளையாடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அட்டவணையில் ‘பொருளற்ற குறிப்புகள்’ என்று எழுதினேன். அந்தச் சொற்களை நான் இன்னும் அழிக்கவில்லை. என்னைப் பற்றி யாராவது நல்லதாகச் சொன்னால் போய் ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

நிரலைத் திறந்து, இந்தப் பெட்டி எதற்கு என்று எழுதியவர் எங்காவது குறித்திருக்கிறாரா என்றும் தேடினேன். நிரலின் தலையில் அவர் ஆதரிக்கும் பந்தாட்டக் குழு தோற்றதைப் பற்றி ஆறு வரி புலம்பல் இருந்தது. பெட்டியைப் பற்றி ஒரு சொல்: ‘தற்காலிகம்’.

நீக்கப் போகிற வசதிகளின் பட்டியலை விக்கியின் முகப்பில் போட்டு, ஆட்சேபம் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் சொல்லலாம் என்று அறிவித்தேன். மிதக்கும் விளக்குகளுக்காக நான்கு பேர் வாதாடினார்கள். பெட்டிக்காக ஒருவர் மட்டும். மேரு அக்கா எழுதவில்லை, ஃபோன் செய்தார்.

“அந்த யார் பார்த்ததுங்கிற பாக்ஸை எடுக்கப் போறீங்களாமே.”

“ஆமாக்கா. இனிமே நீங்க டைப் பண்ணவே வேணாம். சிஸ்டமே பேரை எடுத்துக்கும்.”

“இருந்துட்டுப் போகட்டுமே லா. சோறா கேக்குது?”

“தேவையில்லாத ஃபீச்சர்க்கா. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அதை நான் தனியா டெஸ்ட் பண்ணணும். ஒரு காரணம் சொல்லுங்க, வெச்சுடறேன்.”

அவருக்குப் பின்னால் லோரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

“காரணம்லாம் ஃபோன்ல சொல்ல முடியாதும்மா. மேருக்கு வாங்க, சொல்றேன்.”

“ஈமெயில்ல போடுங்கக்கா.”

“ஈமெயில்லயா,” என்று சிரித்தார். “சரி. உங்க இஷ்டம்.”

நான் அட்டவணையில் ‘ஆட்சேபம்: ஒன்று. காரணம் தரப்படவில்லை’ என்று எழுதினேன். என் மேலாளர் அதைப் படித்துவிட்டு, “ஒரு ஆளுக்காக ஒரு ஃபீச்சரா? அவங்க வீட்டு சமையலறையா இது?” என்றார். அவருக்கு நகைச்சுவை வருடத்துக்கு இரண்டு முறை வரும், அதில் ஒன்று அன்றைக்குச் செலவானது. நானும் சிரித்தேன். மறுநாள் பெட்டியை எடுத்துவிட்டேன். பழைய பட்டியல்களைப் புதிய வடிவத்துக்கு மாற்றினேன். ஒரு பிழைகூட வரவில்லை. அந்த வேலை இன்று வரை நான் செய்ததிலேயே சுத்தமானது.

சுமார் மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேருவின் இரண்டாவது குளிர் அறையில் கதவு சரியாக மூடியிருக்கவில்லை. உள்ளே அடுக்கியிருந்த உறைந்த ரொட்டி சானாய் பரோட்டா அவ்வளவும் திங்கள் காலைக்குள் இளகி, அட்டைப்பெட்டியோடு ஒட்டிக் குழைந்துவிட்டது. வாடிக்கையாளர் சும்மா இருக்கவில்லை. சரிபார்ப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தார்கள். ‘இரண்டாம் அறை, கதவு, ரப்பர் சரி’ என்ற வரியில் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு டிக் விழுந்திருந்தது. பக்கத்தில் மேரு அக்காவின் பெயர்.

அவருக்கு ‘ஷோ காஸ்’ கடிதம் போனது. பார்க்காமலேயே பார்த்ததாகப் பதிந்ததற்காக உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு. உள்விசாரணைக்குத் தேதி குறித்தார்கள்.

இதை எனக்குச் சொன்ன மேலாளர் உற்சாகமாக இருந்தார். “பார்த்தியாம்மா, உன் வேலையாலதான் ஆள் மாட்டுச்சு. முன்ன இருந்த கண்ராவியா இருந்தா யாருன்னே தெரிஞ்சிருக்காது. ‘அபாங் மீசை’ன்னு இருந்திருக்கும்.”

“அவங்க என்ன சொல்றாங்க பாஸ்?”

“அன்னிக்கி நான் வேலையிலயே இல்ல, பந்திங்ல நிச்சயதார்த்தம், அண்ணன் பொண்ணுக்குன்னு. ஃபோட்டோ வேற காட்டுறாங்க. சிஸ்டம் சொல்லுது இருந்தாங்கன்னு. சிஸ்டத்துக்கு என்ன, அவங்க மேல கோவமா?”

விசாரணைக் குழுவுக்காக அவருடைய மூன்று மாதப் பதிவுகளை அச்செடுத்துக் கொடுக்கச் சொன்னார். நான் எடுத்தேன். அச்செடுத்த தாள்களைப் படிக்கும் பழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை. அட்டவணை என்பதால் நான் மட்டும் படித்தேன்.

காலை ஆறு மணிக்கு டிக். பிற்பகல் இரண்டுக்கு டிக். இரவு பத்துக்கு. விடிகாலை மூன்றுக்கு. மறுபடி ஆறுக்கு. திங்கள் முதல் ஞாயிறு வரை, பொது விடுமுறையும் சேர்த்து. பதிவின்படி அந்தப் பெண் மூன்று மாதமாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, ஒருநாளும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரே நிமிடத்தில் குளிர் அறையிலும் பின்வாசலிலும் இருந்திருக்கிறார். இப்படியொரு ஊழியரை வேலையை விட்டு நீக்கப் பார்க்கிறோம். இதை என் மேலாளர் பார்க்கவில்லை. மனிதவளப் பிரிவு பார்க்கவில்லை. நானும் மூன்று மாதம் முன்பு ‘ஒரே ஒரு பயனர்’ என்று எழுதியபோது அந்த ஒருவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறார் என்று பார்க்கவில்லை. எண்ணிக்கை என் பக்கம் இருந்தது, அது போதுமாக இருந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மேருவுக்குப் போனேன். வேலைக்காக வேலைக்கு விடுப்பு எடுத்தது அதுதான் முதல் தடவை.

கிடங்கில் ஒரே ஒரு கணினி. பொட்டலம் கட்டும் மேசையின் ஓரத்தில், விசைப்பலகை மேல் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்தது. திரையின் மேல் வலது மூலையில், வெளியேறும் பொத்தான் இருக்கும் இடத்தில், பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தது. அதன் மேல் மார்க்கர் பேனாவால் ‘ஜாங்கான் தெக்கான்’ என்று எழுதியிருந்தது. அழுத்தாதே.

அக்கா ஐம்பதை நெருங்குகிறவர். தலையில் கம்பளித் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கே.எல்.லேர்ந்து ஆள் வந்திருக்கு. ரோடு தெரிஞ்சுதா?”

“நான் கிள்ளான்தான்க்கா.”

“கிள்ளானா,” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் டேப்பைக் காட்டினேன். அவர் தோளைக் குலுக்கினார்.

“லாக் அவுட் ஆச்சுன்னா முடிஞ்சுது. பாஸ்வேர்ட் எனக்கே ஞாபகம் இல்ல. என் கீழ இருபத்து ரெண்டு பேர். எல்லாம் கான்ட்ராக்ட். நேப்பாள், பங்களாதேஷ், நம்ம பந்திங், பண்டமாரான் ஆளுங்க. கான்ட்ராக்ட் ஆளுக்கு ஸ்டாஃப் நம்பர் கிடையாது. நம்பர் இல்லாட்டி அக்கவுண்ட் கிடையாது. கேட்டா ஒரு ஃபாரம் குடுப்பீங்க, மூணு சைன். சைன் வந்து சேர்றதுக்குள்ள அந்த ஆள் வேற ஃபேக்டரிக்குப் போயிருப்பான். அதனால எல்லாரும் என் பேர்ல டிக் போடுவாங்க, பக்கத்துல அவங்க பேரை அடிப்பாங்க. ‘என் பி 2’ன்னா நேப்பாளி ரெண்டாவது ஷிஃப்ட், ‘அபாங் மீசை’ன்னா மீசைக்கார அண்ணன். முன்ன உங்க ஆபிஸ்ல இருந்த தம்பிகிட்ட சொன்னேன். ஒரு மத்தியானம் இங்கயே உக்காந்து பாக்ஸ் பண்ணிக் குடுத்தாரு. தற்காலிகமா வெச்சுக்குங்கக்கா, அக்கவுண்ட் வரட்டும்னாரு.”

“இதை ஃபோன்ல சொல்லியிருக்கலாமே.”

“எதை? கம்பெனி ரூலை மீறி ஒரே லாகின்ல இருபத்து மூணு பேர் இருக்கோம்னா? ரெக்கார்ட் ஆகுற லைன்ல? அதை வேற ஈமெயில்ல போடுன்னீங்க.” பக்கத்தில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்த ஒருவர் தலை குனிந்துகொண்டு சிரித்தார்.

“ஞாயித்துக்கிழமை டிக் போட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“சொல்லிடுங்களேன்.”

“எப்படி? பாக்ஸ் இருந்தா அதுல அவனே அடிச்ச பேர் இருக்கும். நான் ஒன்னும் பேச வேண்டியதில்ல. இப்ப என்கிட்ட என்ன இருக்கு? என் வாய் மட்டும்தான் இருக்கு. என் வேலையைக் காப்பாத்த வாயால ஒருத்தனைக் காட்டணுமா? அவன் ‘நான் இல்ல’ன்னா? நாளைக்கி மத்த இருபத்தோரு பேரும் என்கூட வேலை செய்வாங்களா?” பூட்ஸைத் தரையில் தட்டிவிட்டு எழுந்தார். “நான் காட்ட மாட்டேன். நீங்க எடுத்தீங்க, நீங்க போய்ச் சொல்லுங்க.”

அன்று மாலையே, யாரிடமும் அனுமதி கேட்காமல், பெட்டியைத் திரும்ப வைத்தேன். நீக்குவதற்கு இரண்டு கூட்டம், ஒரு அறிவிப்பு, இரண்டு வாரம் தேவைப்பட்டது. வைப்பதற்கு இருபது நிமிடம்.

உள்விசாரணை பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. குழுவில் மூன்று பேர். நிறுவனத்தின் பேர் பதித்த தண்ணீர்ப் புட்டிகள். மோனோரெயில் போகும்போதெல்லாம் தலைவர் பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்தை மறந்துவிடுவார். அக்கா சேலை கட்டி வந்திருந்தார். கம்பளித் தொப்பி இல்லாமல் அவரை அடையாளம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கணம் ஆனது.

பதிவுகளை விளக்குவதற்காக என்னை அழைத்தார்கள். நான் இரண்டு தாள்களை அவர்கள் முன் வைத்தேன். விக்கி பழைய பக்கங்களை அழிப்பதில்லை. ஆகவே முதல் தாளில், பெட்டியை எடுப்பதற்கு முந்தைய ஒரு வாரம்: எல்லா டிக்கும் அக்காவின் பெயரில், பக்கத்தில் பத்தொன்பது வேறு வேறு குறிப்புகள். இரண்டாவது தாளில் எடுத்த பிறகான ஒரு வாரம்: எல்லா டிக்கும் அக்காவின் பெயரில், பக்கத்தில் ஒன்றுமில்லை.

“ஞாயிற்றுக்கிழமை டிக் போட்டது யார் என்று இந்தப் பதிவால் சொல்ல முடியாது. முன்பு முடிந்தது. சொல்லக்கூடிய பெட்டியை நான் நீக்கினேன். இவர் வேண்டாம் என்று சொன்னார். காரணத்தை நேரில் வந்து கேட்கச் சொன்னார், நான் போகவில்லை,” என்றேன். எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். எழுதாமல் சொல்லியிருந்தால் நடுவில் எனக்காக ஒரு வாக்கியம் சேர்த்திருப்பேன்.

மனிதவளப் பிரிவிலிருந்து வந்தவர் உடனே நிமிர்ந்தார். “அப்ப பாஸ்வேர்டை ஷேர் பண்ணியிருக்காங்க. அதுவும் ஒழுங்கீனம்தான்.” ஒரு குற்றம் கையைவிட்டுப் போனதும் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும் வேகம் அவருக்கு இருந்தது. இந்த வேகத்தில் பாதி அந்த மூன்று கையொப்பங்களுக்கு இருந்திருந்தால் இந்தக் கூட்டமே நடந்திருக்காது.

“ஷேர் பண்ணல சார்,” என்றார் அக்கா. “பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.”

குழுத் தலைவர் அதைக் குறித்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது மோனோரெயில் போனது.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. வேலை நீக்கம் கிடையாது. பதிலாக ஓர் எச்சரிக்கைக் கடிதம். கணக்கைப் பிறர் பயன்படுத்த அனுமதித்ததற்காக. இன்னொரு முறை நடந்தால் நீக்கம். அவருடைய கோப்பில் மூன்று வருடம் அது இருக்கும். பதவி உயர்வுக்கு அந்த மூன்று வருடமும் அவர் விண்ணப்பிக்க முடியாது.

பிரிக்ஃபீல்ட்ஸில் யாருக்கும் கடிதம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. என் மேலாளர் தன் மாதாந்திர அறிக்கையில் ‘செயல்முறை இடைவெளி கண்டறியப்பட்டு நிவர்த்திக்கப்பட்டது’ என்று எழுதினார். இடைவெளி என்றால் நான். நிவர்த்தி என்றால் நான் இருபது நிமிடத்தில் திரும்ப வைத்தது. “கூட்டத்துல அவ்ளோ விவரமா பேசியிருக்க வேணாம் நீ,” என்று மட்டும் சொன்னார். பெட்டியைத் திரும்ப வைத்ததற்குக் காரணம் கேட்டார். அட்டவணையில் ‘இரட்டிப்பு: ஆம். முடிவு: நீக்க வேண்டாம்’ என்று எழுதி அனுப்பினேன். இரண்டும் ஒரே வரியில் எப்படி நிற்கும் என்று கேட்டார். மேருவுக்குப் போய்ப் பாருங்கள் என்றேன். அவர் போகவில்லை.

எச்சரிக்கைக் கடிதத்தைக் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்க வேண்டும். நான் கிள்ளான் ஆள் என்பது அப்போதுதான் மனிதவளப் பிரிவுக்கு ஞாபகம் வந்தது. போகிற வழிதானே என்று என்னிடம் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை கொண்டுபோனேன். அக்கா குளிர் அறையின் வாசலில் நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார்.

“எல்லாம் என் பேர்தான் இருக்கு.”

“ஆமாக்கா.”

“அக்கவுண்ட் குடுக்காதவங்க பேர் இல்ல.”

“இல்ல.”

கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். “வாங்கிக்கலன்னு சொல்லல. என் ஆளுங்க இருபத்து ரெண்டு பேருக்கும் அக்கவுண்ட் வரட்டும். அப்புறம் அவங்கவங்க பேர்ல அவங்கவங்க டிக் போட்டா, நான் ஷேர் பண்ணினது தப்புன்னு சைன் போடறேன். இப்ப போட்டா நாளைக்கே மறுபடி அதே தப்புதான் பண்ணணும். அடுத்த லெட்டர்ல வேலை போயிடும்ல?”

அவர் சொன்னதில் பிழை இருக்கிறதா என்று நின்று யோசித்தேன். இல்லை.

இருபத்து இரண்டு படிவங்களையும் நானே நிரப்பினேன். முதல் கையொப்பம் என் மேலாளருடையது. போட்டுவிட்டார், படிக்கவில்லை. இரண்டாமவர் நீண்ட விடுப்பில் இருக்கிறார். மூன்றாமவர், ஒப்பந்தத் தொழிலாளிக்கு விக்கிக் கணக்கு எதற்கு என்று சிவப்பு மையில் கேட்டு, முழுக் கட்டையும் திருப்பி அனுப்பினார். நான் காரணத்தை எழுதி மறுபடி அனுப்பினேன். அது இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

மனிதவளப் பிரிவு மூன்று முறை நினைவூட்டல் அனுப்பிவிட்டது: கடிதத்தில் கையொப்பம் ஏன் இன்னும் வரவில்லை. மூன்று முறையும் ஒரே பதிலை அனுப்பினேன். பெறுநர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார், நிபந்தனை நம் பக்கத்தில் நிலுவையில் இருக்கிறது, படிவ எண்கள் கீழே. அவரைக் கொஞ்சம் பேசி வழிக்குக் கொண்டுவரக்கூடாதா என்று கடைசி நினைவூட்டலில் கேட்டிருந்தார்கள். அதற்கு நான் பதில் போடவில்லை.